ரைம்ஸ் பாட்டுகளுக்குப் பின்னால் பிளேக்கும் நரபலியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழலையர் வகுப்பில் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து 14 வருடம் ஆகிறது. மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோர் சில வருடங்களாக ஒரே மாதிரி சந்தேகங்களோடு வருகிறார்கள். "மிஸ், இந்தப் பாட்டுக்குப் பின்னால் இவ்வளவு பயங்கரமாமே" என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். கேட் பக்கத்தில் நின்றுகொண்டு பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

மிஸ், இந்த ரைம்ஸ் எல்லாம் யார் எழுதினது? எவ்வளவு பழசு?

பெரும்பாலானவற்றை எழுதியவர் பெயர் கிடையாது. சிலவற்றுக்கு உண்டு. 'ட்விங்கிள் ட்விங்கிள்' ஜேன் டெய்லர் என்ற ஆங்கிலேயப் பெண் 1806-ல் வெளியிட்ட கவிதை. 'மேரி ஹாட் எ லிட்டில் லாம்ப்' அமெரிக்காவின் சாரா ஜோசஃபா ஹேல் 1830-ல் வெளியிட்டது. மற்றவை வாய்வழியாகப் புழங்கி, ஒரு கட்டத்தில் அச்சுக்கு வந்தவை.

அச்சான தேதிகளைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும். லண்டனில் சுமார் 1744-ல் 'டாமி தம்ப்ஸ் ப்ரிட்டி சாங் புக்' என்றொரு குட்டிப் புத்தகம் வந்தது. இன்று நமக்குக் கிடைக்கும் ஆங்கிலக் குழந்தைப் பாடல் தொகுப்புகளில் மிகப் பழையது அதுதான். அடுத்து 1760-களில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் 'மதர் கூஸஸ் மெலடி'. பிறகு 1951-ல் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்ற தம்பதி 500-க்கும் மேற்பட்ட பாடல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் முதலில் எப்போது, எந்த வடிவில் அச்சானது என்று தேடி ஆக்ஸ்ஃபோர்டு அகராதியாக வெளியிட்டார்கள். நான் கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த இருவரின் உழைப்பால் தெரியவந்தது.

ரிங்கா ரிங்கா ரோசஸ் பிளேக்கில் செத்தவங்களைப் பத்தின பாட்டாமே? இதைப் போய் குழந்தைக்குச் சொல்லித் தரீங்களே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கதை இப்படிப் போகிறது: ரோஜா வட்டம் என்பது நோயாளியின் தோலில் வரும் சிவப்பு வட்டம். பை நிறையப் பூக்கொத்து என்பது கெட்ட காற்றை விரட்ட வைத்துக்கொண்ட மூலிகைப் பூ. 'அட்டிஷூ' தும்மல். எல்லோரும் விழுவது சாவு. லண்டனின் 1665 பெரும் பிளேக்கில் பிறந்த பாட்டு என்பார்கள்.

அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இந்தப் பாட்டு ஆங்கிலக் குழந்தைப் பாடல் புத்தகம் ஒன்றில் முதலில் வந்தது 1881-ல், ஓவியர் கேட் கிரீனவே வெளியிட்ட தொகுப்பில். அதில் தும்மலே இல்லை. 'ஹஷ், ஹஷ், ஹஷ், ஹஷ்' என்று நான்கு தடவை வரும், அப்புறம் எல்லோரும் உருண்டு விழுவார்கள். அமெரிக்காவில் விளையாட்டுப் பாட்டுகளைத் திரட்டிய வில்லியம் வெல்ஸ் நியூவெல் 1883-ல், மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் சுமார் 1790-லேயே இது பாடப்பட்டது என்று எழுதினார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் பிளேக் முடிந்து 125 வருடம் ஆகிவிடுகிறது.

இன்னொன்று. பாட்டு அச்சில் வந்த பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் அதைப் பிளேக்கோடு சேர்த்துப் பேசவில்லை. இந்த விளக்கம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1961-ல் ஜேம்ஸ் லீசர் லண்டன் பிளேக்கைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதைச் சேர்த்ததும் அது நன்றாகவே வேர் பிடித்துக்கொண்டது. பாட்டைவிட விளக்கம்தான் இளையது.

சரி, ஆனா அட்டிஷூன்னா தும்மல்தானே? அது நோய் அறிகுறி இல்லாம வேறென்ன?

நம் பிள்ளைகள் அட்டிஷூ என்றா பாடுகிறார்கள்? 'ஹுஷா புஷா, ஆல் ஃபால் டவுன்' என்றுதான் இங்கே முக்கால்வாசி வகுப்புகளில் பாடுகிறார்கள். அமெரிக்காவில் 'ஆஷஸ், ஆஷஸ்'. மேலே சொன்ன 1881 வடிவத்தில் 'ஹஷ்'. ஜெர்மனியில் 1796-லேயே அச்சான ஒரு வட்ட விளையாட்டுப் பாட்டில் பிள்ளைகள் புதருக்கு அடியில் உட்கார்ந்து 'ஹுஷ் ஹுஷ் ஹுஷ்' என்கிறார்கள். பாட்டிலேயே அதிகம் மாறுகிற இடம் அந்தச் சத்தம்தான். நாக்குக்குச் சுகமாக ஏதோ ஒன்று வந்தால் போதும், உடனே கீழே விழலாம். மாறிக்கொண்டே இருக்கும் ஒரு சொல்லைப் பிடித்து முழுக் கதையையும் அதன்மேல் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அறிகுறியும் ஒத்துவரவில்லை. அந்தப் பிளேக்கின் அடையாளம் கடும் காய்ச்சலும், அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டி வீங்குவதும். தும்மல் அதற்குரிய அறிகுறி அல்ல. ரோஜா நிற வட்டமும் அப்படித்தான்.

எழுதி வைக்கலைங்கறதுக்காக இல்லவே இல்லைன்னு சொல்லிட முடியுமா? நாட்டுப்புறப் பாட்டெல்லாம் வாயாலதானே வந்தது?

நியாயமான கேள்வி. தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. ஏட்டில் ஏறாத பாட்டு எத்தனையோ உண்டு. அச்சான தேதி பாட்டின் பிறந்த தேதி ஆகாது, உண்மைதான்.

ஆனால் 1665-ஐப் பற்றி ஆங்கிலேயர்கள் எழுதாமல் விடவில்லை. சாமுவேல் பீப்ஸ் அந்த வருடம் முழுக்க லண்டன் தெருக்களில் கண்டதை நாட்குறிப்பாக எழுதினார். டேனியல் டிஃபோ 1722-ல் அந்தப் பிளேக்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். சாவுக் கணக்கை வாராவாரம் அச்சடித்து விற்றார்கள். இவற்றில் எதிலும் இப்படி ஒரு பாட்டு இல்லை. 200 வருடம் ஒரு தடயமும் இல்லாமல் ஒரு பாட்டு வாயில் மட்டுமே வாழ்ந்தது, சுற்றியிருந்த பாட்டுகளெல்லாம் அச்சானபோது இது மட்டும் தப்பிவிட்டது, அதன் அர்த்தமும் எல்லோருக்கும் மறந்து பிறகு திடீரென்று ஞாபகம் வந்தது என்று அடுக்கடுக்காக நம்ப வேண்டியிருக்கிறது.

பிளேக்கை நினைவில் வைத்துக்கொள்ள நினைக்கும் ஜனங்கள் அதன் பெயரைச் சொல்லியே வைத்துக்கொள்கிறார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்த ஊரில் நோய் எப்படி அடித்தது என்று அறிய எந்த ரகசியக் குறியீட்டையும் உடைக்க வேண்டியதில்லை, அம்மன் பெயரிலேயே இருக்கிறது.

லண்டன் பிரிட்ஜ் கட்டும்போது குழந்தையை உயிரோட புதைச்சாங்களாம், அதுதான் அந்தப் பாட்டாம். உண்மையா?

பாலம் கட்டினால் நரபலி கேட்கும் என்ற பேச்சு நம் ஊரிலும் உண்டு. அதனால்தான் இந்தக் கதை நமக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. இங்கிலாந்தில் இதைச் சொன்னவர் அலிஸ் பெர்த்தா கோம் என்ற நாட்டுப்புறவியலாளர், 1890-களில் அவர் எழுதிய மரபு விளையாட்டுகள் நூலில். பாட்டின் சில வடிவங்களில் பாலத்துக்குக் காவலாள் வைப்பது பற்றி வருகிறது. அந்தக் காவலாள் அஸ்திவாரத்தில் புதைக்கப்பட்ட உயிர் என்று ஊகித்தார். அவர் மதிப்புக்குரிய அறிஞர்தான், ஆனாலும் அது ஊகம். பழைய பாலத்தின் அடித்தளத்தில் பலியிட்ட எலும்பு என்று எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கல் பாலத்தை 1176-ல் கட்ட ஆரம்பித்தவர் பீட்டர் ஆஃப் கோல்சர்ச் என்ற பாதிரியார். வேலை 1209-ல் முடிவதற்குள் அவர் இறந்துபோக, பாலத்தின் மேலிருந்த தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பாலத்துக்குள் போன உடல் என்று நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வைக்கிங் கதை ஒன்றும் உண்டு. நார்வேயின் ஓலாஃப் சுமார் 1014-ல் பாலத்தை இழுத்துத் தள்ளினார், அப்போது பாடியது என்பார்கள். ஆதாரமாகக் காட்டுவது ஒரு பழைய நார்ஸ் பாடலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதைச் செய்தவர் சாமுவேல் லேங், 1844-ல். தான் சின்ன வயதில் கேட்ட பாட்டின் முதல் வரியை மொழிபெயர்ப்பில் புகுத்தியவர் அவர்தான். மூலத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

என் மனதுக்குச் சரியென்று படுவது வேறு. 1281-82 குளிர்காலத்தில் ஆற்றில் பனிக்கட்டி நெருக்கி அந்தப் பாலத்தின் ஐந்து வளைவுகள் நிஜமாகவே விழுந்தன. விழுகிற பாலம் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. அப்புறம் இது ஒரு விளையாட்டு என்பதை மறக்கக் கூடாது. நம் ஊரில் 'ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சாம்' விளையாடியிருப்பீர்கள். இரண்டு பேர் கை கோத்து வளைவாக நிற்பார்கள், மற்றவர்கள் அடியில் நுழைந்து நுழைந்து ஓடுவார்கள், கடைசியில் கை இறங்கி ஒருவர் மாட்டிக்கொள்வார். லண்டன் பிரிட்ஜும் அதே விளையாட்டுதான். ஜெர்மனி, டென்மார்க், பிரான்ஸ் பிள்ளைகளுக்கும் அவரவர் ஊர்ப் பாலத்தின் பெயரில் இதுபோன்ற பாட்டு உண்டு. கை இறங்க வேண்டும், ஒருவர் பிடிபட வேண்டும். அதற்குப் பாட்டில் ஏதாவது ஒன்று விழுந்தாக வேண்டும். 'ஆரஞ்சஸ் அண்ட் லெமன்ஸ்' பாட்டின் கடைசியில் தலையை வெட்டக் கத்தி வருவதும் இந்த இடத்தில்தான். சுமார் 1744-ல் அச்சான பழைய வடிவத்தில் அந்த வெட்டு வரியே இல்லை.

பா பா பிளாக் ஷீப் அடிமை வியாபாரத்தைப் பத்தின பாட்டுன்னு வீடியோவுல சொல்றாங்க. வேற ஒருத்தர் வரி விதிச்ச கதைன்னு சொல்றார். எது சரி?

அடிமைக் கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. 'பிளாக்', 'மாஸ்டர்' என்ற இரண்டு சொற்களை வைத்து மிகப் பிற்காலத்தில் கட்டியது. அந்தக் கொடுமை உண்மை, அதற்குப் பதிவேடுகள் மலைபோல இருக்கின்றன. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வயதில் அந்தப் பதிவேடுகளை வைத்துச் சொல்லலாம்.

வரிக் கதைக்குக் கொஞ்சம் மரியாதையான முகம் இருக்கிறது. முதலாம் எட்வர்டு 1275-ல் ஏற்றுமதிக் கம்பளி மீது வரி போட்டது வரலாறு. மூட்டையில் ஒன்று அரசனுக்கு, ஒன்று தேவாலயத்துக்கு, உழைத்த சின்னப் பையனுக்கு ஒன்றும் இல்லை என்று விளக்குவார்கள். முதலில் கணக்கே உதைக்கிறது. வரி, மூட்டைக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ். ஒரு மூட்டைக் கம்பளி அப்போது பல பவுண்டு விலை போனது, ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். மூன்றில் ஒரு பங்கு என்பதன் பக்கத்தில்கூட வராது. அடுத்தது பாட்டின் பழைய வடிவம். சுமார் 1744-ல் அச்சானதில் சின்னப் பையனுக்கு ஒரு மூட்டை கிடைக்கிறது! தெருவில் அழுகிற பையனுக்கு ஒன்றும் இல்லை என்ற வரி அதற்குப் பின்னால் வந்த 'மதர் கூஸஸ் மெலடி'யில்தான் இருக்கிறது. 1275-க்கும் 1744-க்கும் நடுவில் 469 வருடம் வேறு.

மேரி மேரி கொயட் கான்ட்ரரி பாட்டுல வர மேரி, ஆளுங்களை எரிச்ச ராணியாமே? சில்வர் பெல்ஸ்னா விரலை நசுக்கற கருவியாம்?

முதலாம் மேரி 1553-லிருந்து 1558 வரை ஆண்டார். சுமார் 280 புராட்டஸ்டன்ட் மக்கள் அவர் ஆட்சியில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். இது உண்மை. பாட்டு அவரைப் பற்றியது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. முதலில் அச்சானது மறுபடியும் அதே 1744 புத்தகத்தில், அவர் இறந்து 186 வருடம் கழித்து. அதில் 'மிஸ்ட்ரஸ் மேரி' என்றுதான் இருக்கிறது.

கடைசி வரியில் வரும் 'ப்ரிட்டி மெய்ட்ஸ்' தலை வெட்டும் 'மெய்டன்' இயந்திரங்களின் வரிசை என்பது இந்தக் கதையின் உச்சம். அந்த இயந்திரம் ஸ்காட்லாந்தில் செய்யப்பட்டது 1564-ல். மேரி அதற்கு ஆறு வருடம் முன்பே இறந்துவிட்டார். அதுவும் போக, அந்த வரி பழைய அச்சில் கிடையாது. 'என் தோட்டம் இப்படித்தான் வளர்கிறது' என்றுதான் அங்கே பாட்டு முடிகிறது. வேறு பழைய வடிவங்களில் அந்த இடத்தில் வேறு வேறு வரிகள். பின்னால் சேர்ந்த வரியை வைத்து முன்னால் நடந்ததை விளக்க முடியாது.

ஹம்ப்டி டம்ப்டி முட்டை இல்லையாம், பீரங்கியாம். நிஜமா?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பாட்டை ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முட்டை என்று எங்கேயும் வராது. ஏனென்றால் அது விடுகதை! சுவர்மேல் உட்கார்ந்தான், விழுந்தான், ராஜாவின் ஆட்கள் அத்தனை பேரும் சேர்ந்தும் ஒட்ட வைக்க முடியவில்லை, அவன் யார்? விடை முட்டை. இதே விடுகதை சுவீடனில் 'லில்லே ட்ரில்லே' என்றும், பிரான்சில் 'பூல் பூல்' என்றும் வேறு பெயர்களில் இருக்கிறது. புத்தகங்கள் பக்கத்திலேயே முட்டைப் படம் போட்டு விடையைச் சொல்லிவிட்டதால், நமக்கு அது விடுகதை என்பதே மறந்துபோயிற்று. லூயிஸ் கரோல் 1871-ல் அவனைக் கதாபாத்திரமாக்கியபோது வந்த படத்தில் அவன் முட்டைதான்.

பீரங்கிக் கதை 1648-ல் கோல்செஸ்டர் நகர முற்றுகையில் நடந்ததாகச் சொல்லப்படுவது. முற்றுகை உண்மை. பீரங்கிக்கு அந்தப் பெயர் இருந்தது என்பதற்கு அந்தக் காலத்து ஆதாரம் இல்லை. இந்தக் கதை பரவுவதற்கு முன்பே, 1956-ல் டேவிட் டாப் என்ற பேராசிரியர் ஆக்ஸ்ஃபோர்டு இதழ் ஒன்றில், ஹம்ப்டி டம்ப்டி என்பது 1643-ல் குளோஸ்டர் முற்றுகைக்குச் செய்த போர் எந்திரம் என்று எழுதினார். குழந்தைப் பாட்டுகளை விளக்கும் தொடராக வந்த அதை விளையாட்டுக்கு எழுதியதாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு பீரங்கிக் கதையும் ஊரூராகப் பரவிவிட்டது. பாட்டு அச்சில் வந்தது 1797-ல். அதில் ராஜாவின் குதிரைகளுக்குப் பதில் 80 பேரும் இன்னும் ஒரு 80 பேரும் வருகிறார்கள்.

ஜாக் அண்ட் ஜில் பிரெஞ்சு ராஜா ராணி தலை போன கதைன்னு எங்க அண்ணன் சொன்னார்...

பதினாறாம் லூயியும் மாரி அந்துவானெத்தும் 1793-ல் கொல்லப்பட்டார்கள். பாட்டு 'மதர் கூஸஸ் மெலடி'யில் இருக்கிறது. அதன் இன்று கிடைக்கும் பிரதியே 1791-ல் அச்சானது. இருவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். அண்ணனிடம் சொல்லுங்கள்.

'கூஸி கூஸி காண்டர்' பாட்டில் பிரார்த்தனை செய்யாத கிழவரை மாடிப்படியில் தள்ளுவது ஒளிந்திருந்த கத்தோலிக்கப் பாதிரியாரைப் பிடித்தது என்பதும் இதே வகை. 1784-ல் அச்சான பாட்டில் கிழவர் இல்லை. எஜமானியம்மாவின் அறையில் ஒரு கோப்பை மதுவும் இஞ்சித் துண்டும் கிடைப்பதோடு முடிகிறது. கிழவர் வேறொரு பாட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவர். அங்கே காலைப் பிடித்துப் படியில் வீசப்படுவது நீளக் கால் பூச்சி.

அப்போ இந்தக் கதைகளை எல்லாம் கிளப்பி விட்டது யார்?

ஒரே ஆள் இல்லை. 1834-லேயே ஜான் பெல்லண்டன் கெர் என்பவர், ஆங்கிலக் குழந்தைப் பாட்டுகள் உண்மையில் பழைய டச்சு போன்ற ஒரு மொழியில் பாதிரியார்களைத் திட்டிப் பாடியவை என்று புத்தகம் போட்டார். அந்த மொழியை அவரே உருவாக்கிக்கொண்டார் என்பதுதான் சிக்கல். 1930-ல் கேத்தரின் எல்வெஸ் தாமஸ் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ராஜாவையோ ராணியையோ பொருத்தி இன்னொரு புத்தகம் எழுதினார். ஹம்ப்டி டம்ப்டி மூன்றாம் ரிச்சர்டு என்ற விளக்கம் அவருடையதுதான். இன்று உங்கள் போனுக்கு வரும் செய்திகள் பலவற்றின் பாட்டி அந்தப் புத்தகம்.

அவர்களைக் கெட்டவர்களாக நினைக்காதீர்கள். அர்த்தமே இல்லாத வரியைக் கேட்டால் மனம் சும்மா இருக்காது. சின்ன வயதில் ஆயிரம் தடவை பாடியதற்குள் நமக்குத் தெரியாமல் ஒன்று ஒளிந்திருந்தது என்பது கேட்கவே சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது.

அப்படின்னா எந்தப் பாட்டுக்குமே இருட்டான பின்னணி கிடையாதா?

உண்டு, நிறையவே உண்டு. ஆனால் எதுவும் ஒளிந்திருக்காது. எடின்பரோவில் 1828-ல் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, உடல்களை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறு மருத்துவரிடம் விற்றார்கள். தெருப் பிள்ளைகள் பாட்டுக் கட்டினார்கள்: பர்க் கசாப்புக்காரன், ஹேர் திருடன், கறி வாங்குகிற பையன் நாக்ஸ் என்று. மூன்று பெயரும் அப்படியே பாட்டில் இருக்கின்றன. அமெரிக்காவின் ஃபால் ரிவரில் 1892-ல் லிஸ்ஸி போர்டனின் தந்தையும் மாற்றாந்தாயும் கோடரியால் கொல்லப்பட்டபோதும் அப்படித்தான். நீதிமன்றம் 1893-ல் லிஸ்ஸியை விடுவித்தது, கயிறு தாண்டும் பிள்ளைகள் விடவில்லை. தாய்க்கு 40 வெட்டு என்று இன்னும் பாடுகிறார்கள், உண்மையில் விழுந்தது அதில் பாதிகூட இல்லை. இங்கிலாந்து நாடாளுமன்றத்தைத் தகர்க்கப் பார்த்த கை ஃபாக்ஸின் 1605 வெடிமருந்துச் சதிக்கும் நவம்பர் 5 என்று தேதி சொல்லியே பாட்டு.

இன்னொரு இருட்டு எனக்கு இதைவிட வலிப்பது. 'ஈனி மீனி மைனி மோ' பாட்டில் இப்போது புலியின் கால் விரலைப் பிடிக்கிறோம். புலி வந்த இடத்தில் ஒரு காலத்தில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. பத்துச் சின்னப் பையன்கள் ஒவ்வொருவராகச் சாகும் எண்ணிக்கைப் பாட்டு, 1869-ல் லண்டன் மேடைக்காக அதே சொல்லோடு எழுதப்பட்டது. அகதா கிறிஸ்டியின் 1939 நாவல் இங்கிலாந்தில் அந்தத் தலைப்பிலேயே வெளிவந்தது, அமெரிக்கப் பதிப்பு தலைப்பை மாற்றிக்கொண்டது. இவை பதிவில் இருக்கும் உண்மைகள். பா பா பிளாக் ஷீப்பைப் பற்றி இல்லாத அடிமைக் கதையைப் பரப்புகிறவர்கள் இதைப் பேசினால் நான் கை தட்டுவேன்.

த்ரீ பிளைண்ட் மைஸ் மட்டும் ரொம்பப் பழைய பாட்டுன்னு நீங்களே சொன்னீங்க. அப்போ அது அந்த எரிச்ச ராணி பத்தினதா இருக்கலாமே?

ஆமாம், அது 1609-லேயே தாமஸ் ராவன்ஸ்கிராஃப்டின் தொகுப்பில் அச்சானது. கதைப்படி அந்த மூன்று எலிகள் லாட்டிமர், ரிட்லி, கிரான்மர் என்ற மூன்று பேராயர்கள். அவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் எரிக்கப்பட்டது 1555, 1556-ல். இடைவெளி சுமார் 50 வருடம்தான். இங்கே தேதியைக் காட்டி நான் மறுக்க முடியாது.

ஆனால் 1609 பாட்டைப் படித்தால் விவசாயி மனைவி இல்லை, வால் வெட்டும் கத்தி வீச்சும் இல்லை. ஒரு மாவு மில்காரரும் குஷியான அவர் மனைவியும் வருகிறார்கள். அந்த அம்மா குடல் கறியைச் சுரண்டுகிறார், 'கத்தியை நீ நக்கிக்கொள்' என்று முடிகிறது. பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து மாறி மாறிப் பாடும் பாட்டு அது. பேராயர்கள் குருடாக்கப்படவும் இல்லை. நமக்குத் தெரிந்த வால் வெட்டு பின்னால் சேர்ந்தது. மேரி பாட்டில் சொன்ன அதே சிக்கல்தான்.

ராக்-எ-பை பேபியில தொட்டில் மரத்திலிருந்து விழுது. தாலாட்டுல போய் இப்படிப் பாடலாமா?

இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்கு 1688-ல் பிறந்த மகனைப் பற்றியது, மரக்கிளையில் தொட்டில் கட்டிய குடும்பத்தைப் பற்றியது என்று இதற்கும் கதைகள் உண்டு, எதுவும் நிலைக்கவில்லை. 'மதர் கூஸஸ் மெலடி'யில் இதன் கீழே, உயரம் ஏறத் துடிக்கும் கர்வக்காரர்களுக்கு இது எச்சரிக்கை என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதுவும் ஒருவர் சொன்ன விளக்கம்தான்.

தாலாட்டைப் பொறுத்தவரை நம் வீட்டுக்கு வருவோம். 'ஆரடிச்சு நீ அழுதே' என்று கேட்டுவிட்டு மாமன், அத்தை, பாட்டி என்று வரிசையாக எல்லோர் மேலும் அடித்த குற்றத்தைச் சுமத்துவது நம் தாலாட்டு. குழந்தைக்கு வார்த்தை புரியாது, ராகம் போதும். ராத்திரி ஒரு மணிக்குக் கை வலிக்க ஆட்டுகிறவளுக்குத்தான் வார்த்தை. அவள் பயமும் அலுப்பும் கோபமும் அதில் இறங்கும். தொட்டில் விழுந்துவிடுமோ என்பதைவிட ஒரு தாய்க்கு வேறு என்ன பயம் இருக்கப் போகிறது? தாராளமாகப் பாடுங்கள்.

கடைசியா ஒண்ணு. இன்னைக்கு உலகமே அதைப் பிளேக் பாட்டுன்னு நினைச்சுப் பாடுதுன்னா, அது பிளேக் பாட்டு ஆயிடாதா?

ரொம்ப நாள் யோசிக்க வைத்த கேள்வி இது. ஒரு விதத்தில் ஆகிவிடும். பாட்டு புதுச் சாவுகளை ஏற்றுக்கொள்ளும். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து நான்கு வருடத்தில், 1949-ல், பிள்ளைகளின் ரிங்கா ரிங்கா ரோசஸ் மெட்டிலேயே 'பை நிறைய யுரேனியம், ஹிரோ, ஷிமா, எல்லோரும் விழுந்தோம்' என்றொரு பாட்டு லண்டன் பத்திரிகையில் வந்தது. அது சாவைப் பற்றிய ரிங்கா ரிங்கா ரோசஸ்தான், சந்தேகமே இல்லை. மேலே சொன்ன மாதிரி அங்கேயும் ஊர்ப் பெயர் வெளிப்படையாக இருக்கிறது. பிளேக்கை நினைத்து இன்று ஒருவர் பாடினால் அவர் மனதில் அது பிளேக் பாட்டுதான், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அது 1665-ல் பிறந்தது என்று சொன்னால் மட்டும் நிற்பேன்.

ஏன் இவ்வளவு அக்கறை என்றால், ஆரம்ப வருடங்களில் நானே அந்தக் கதையை உண்மை என்று நம்பி, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த நாள் விளையாடும்போது ஒரு சின்னப் பெண், அக்காவிடம் கேட்டிருப்பாள் போல, 'ஹுஷா புஷா' வந்ததும் விழாமல் நின்றுவிட்டாள். சுற்றிலும் எல்லோரும் தரையில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "விழுந்தா செத்துப்போயிடுவாங்களா மிஸ்?" என்று கேட்டாள். நானும் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து விழுந்தோம். மூன்றாவது சுற்றில் எனக்கு முன்னாலேயே விழுந்துவிட்டாள்.